சுகாதாரத் துறை முதுநிலைப் படிப்பு நேர்காணலுக்கு என்ன உடுத்துவது? முழுமையான வழிகாட்டி

நேர்காணல் அழைப்பு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது, என்ன கேள்வி கேட்பார்கள் என்பதைத்தான். அதற்கு வாரக்கணக்கில் தயாராகிறவர்கள், உடையைக் கடைசி இரண்டு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கோட்டு வாங்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் அதை உடம்புக்குத் திருத்தித் தைக்கவும், ஷூவைக் காலுக்குப் பழக்கவும், எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுந்து பார்க்கவும் மூன்று நான்கு வாரம் பிடிக்கும்.

மருத்துவம், பல் மருத்துவம், பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, செவிலியர் படிப்பு, மருந்தியல், பொதுச் சுகாதாரம் என எந்த முதுநிலைப் படிப்பாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். உடைக்காக யாருக்கும் இடம் கொடுப்பதில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நாள்தோறும் நோயாளிகளைப் பார்ப்பவராக இருக்கலாம். ‘இவரை நாளைக்கே ஒரு நோயாளியின் கட்டில் பக்கத்தில் நிற்க வைக்கலாமா?’ என்ற கேள்வி அவர் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். வெட்டிய நகம், வாடை அடிக்காத சட்டை, சத்தம் போடாத ஷூ எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். நேர்காணல் முடிந்தபின் நீங்கள் என்ன நிறத்தில் வந்தீர்கள் என்று அவருக்கு நினைவில்லாமல் போனால் உடை தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

அழைப்புக் கடிதத்தைப் பென்சிலோடு படியுங்கள்

கடிதத்தில் இரண்டு விஷயங்களை அடிக்கோடிடுங்கள்: உடை பற்றிய வரி, அன்றைய நிகழ்ச்சி நிரல். பலர் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். கூடுதல் தகவல் இருப்பது இரண்டாவதில்தான்.

‘பிசினஸ் புரொஃபஷனல்’ என்றால் கோட்டும் அதே துணியில் பேன்ட் அல்லது பாவாடையும். டை கட்டுபவர்களுக்கு டை. ‘பிசினஸ் கேஷுவல்’ என்றால் காலர் வைத்த சட்டை அல்லது நல்ல மேற்சட்டை, ஜீன்ஸ் அல்லாத பேன்ட், மூடிய ஷூ. டை தேவையில்லை. கோட்டு கட்டாயமில்லை என்றாலும் பேன்ட்டோடு சேராத தனிக் கோட்டான பிளேஸர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. எதுவுமே எழுதவில்லை என்றால் பிசினஸ் புரொஃபஷனல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக உடுத்திப் போனவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிடலாம். குறைவாக உடுத்திப் போனவருக்கு அந்த வழி இல்லை. ‘வசதியாக வாருங்கள்’ என்ற வரிதான் பெரிய பொறி. வசதி என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் நிறைய நடக்க வேண்டியிருக்கும் என்பதை, டி-ஷர்ட்டை அல்ல.

இனி நிகழ்ச்சி நிரல். வளாகச் சுற்று என்று இருந்தால் ஷூவைப் பற்றி இருமுறை யோசியுங்கள். உடற்கூறு ஆய்வகத்தைப் பார்க்கப் போவதாக இருந்தால் கணுக்கால் வரை மூடும் பேன்ட்டும் விரல் தெரியாத ஷூவும் வேண்டும். பல ஆய்வகங்களில் இது பாதுகாப்பு விதி. திறந்த செருப்போடு வந்தவர் வாசலிலேயே நிற்க நேரிடும். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி படிப்புகளில் குழுச் செயல்பாடு இருந்தால் குனிய, தரையில் அமர, பொருளைத் தூக்க வேண்டி வரலாம். முந்தைய நாள் மாலை மாணவர்களோடு சந்திப்பு என்றிருந்தால் அதற்குப் பிசினஸ் கேஷுவலில் ஒரு தனி செட். அங்கே பேசுகிற மூத்த மாணவர்களின் கருத்தையும் தேர்வுக் குழு கேட்கக்கூடும்.

எம்.எம்.ஐ. எனப்படும் பல்நிலைச் சிறு நேர்காணல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000-களின் தொடக்கத்தில் உருவாகி இன்று பல நாடுகளில் புழங்குகிறது. இதில் அறை அறையாக நகர வேண்டும். கதவுக்கு வெளியே நின்று கேள்வித் தாளைப் படித்துவிட்டு, மணி அடித்ததும் உள்ளே போய்ச் சில நிமிடம் பேசி, அடுத்த மணிக்கு வெளியே வந்து அடுத்த கதவுக்குப் போவீர்கள். ஒரே நாளில் பலமுறை உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பாவாடையை இழுத்துவிட வேண்டிய நிலையோ, ஒவ்வொரு முறையும் டை சட்டையை விட்டு விலகும் நிலையோ இருந்தால் ஐந்தாவது அறைக்குள் கவனம் சிதறிவிடும்.

நான்கு வார அட்டவணை

1. நான்கு வாரம் முன்: கையில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள். இல்லாததை வாங்குங்கள், இரவல் கேளுங்கள், வாடகைக்கு எடுங்கள். நேர்காணல் உடைகளை இரவல் தரும் ஏற்பாடு பல பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்பு வழிகாட்டு மையங்களில் உண்டு.
2. மூன்று வாரம் முன்: தையல்காரரிடம் கொடுங்கள். நேர்காணலுக்கு உடுத்தப்போகும் ஷூவையும் உள்ளாடையையும் போட்டுக்கொண்டே அளவு கொடுங்கள்.
3. இரண்டு வாரம் முன்: ஷூ பழக்கத் தொடங்குங்கள்.
4. ஒரு வாரம் முன்: முடி வெட்டுங்கள். அன்றே முழு உடை ஒத்திகை. திருத்தம் ஏதும் வேண்டுமென்றால் இன்னும் ஏழு நாள் இருக்கிறது.
5. முந்தைய நாள்: இஸ்திரி, பாலிஷ், பை. புதிதாக எதையும் முயலாதீர்கள்.

அழைப்பே ஐந்து நாள் முன்னால்தான் வந்தது என்றால் புது ஷூ எண்ணத்தைக் கைவிடுங்கள். பழைய ஷூவைப் பாலிஷ் போட்டு, முழு நேரத்தையும் கோட்டின் அளவுக்குக் கொடுங்கள்.

கோட்டு: தோளைப் பார்த்து வாங்குங்கள்

நிறம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கடல் நீலம் அல்லது அடர் சாம்பல். கறுப்பும் சரிதான்; சிலர் சொல்வதுபோல அது துக்க வீட்டு நிறம் என்றெல்லாம் நேர்காணல் அறையில் யாரும் நினைப்பதில்லை. ஆனால் கறுப்பில் நூல் துணுக்கும் முடியும் பொடுகும் பளிச்சென்று தெரியும், மலிவான கறுப்புத் துணி வெளிச்சத்தில் பழுப்பாகவும் தெரியும்.

துணியில் கம்பளி அல்லது கம்பளிக் கலப்பு நல்லது. மெல்லிய நெசவில் வரும் கம்பளி வெப்பமான இடத்திலும் காற்றோட்டமாக இருக்கும், இரவில் மாட்டி வைத்தால் சுருக்கம் தானே போய்விடும். முழு பாலியெஸ்டர் மலிவு, கசங்காது. ஆனால் வியர்வையை உள்ளேயே அடைத்துவிடும், ஒளியில் மினுக்கும். லினன் உட்கார்ந்த பத்தாவது நிமிடமே மடிப்பு மடிப்பாகிவிடும். கம்பளியில் ‘சூப்பர் 100’, ‘சூப்பர் 120’ என்று எண் போட்டிருப்பார்கள். எண் கூடக் கூட இழை மெலியும், துணி மென்மையாகும், சுலபமாகக் கசங்கவும் செய்யும். பயணம் செய்து போகிறவருக்கு 100-லிருந்து 120 வரை போதும்.

அளவு விஷயத்தில் ஒரே விதி: தோள் சரியாக இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள். கையின் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். சுவரில் தோளைச் சாய்த்துப் பாருங்கள். கைக்கு முன்னால் தோள் பஞ்சு முதலில் சுவரைத் தொட்டால் கோட்டு பெரிது. இடுப்பைப் பிடிப்பதும், கை நீளத்தைக் குறைப்பதும், பேன்ட் விளிம்பை மடிப்பதும் தையல்காரருக்குச் சாதாரண வேலை. தோளை மாற்றுவது என்றால் கோட்டையே பிரித்துக் கட்டுவதற்குச் சமம், செலவும் அப்படியே. கைப்பட்டன்கள் உண்மையாகவே திறந்து மூடும்படி காஜா வெட்டப்பட்டிருந்தால் கை நீளத்தை மணிக்கட்டுப் பக்கம் குறைக்க முடியாது என்பதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டனைப் போட்டு நின்றால் வயிற்றருகே ‘X’ போல இழுவைக் கோடு விழக் கூடாது. விழுந்தால் இறுக்கம். கோட்டின் கை மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும். அதற்குக் கீழே சட்டை 1 முதல் 1.5 செ.மீ. தெரியலாம். இரண்டு பட்டன் கோட்டில் நிற்கும்போது மேல் பட்டன் மட்டும் போடுவது வழக்கம். கீழ்ப் பட்டன் எப்போதும் திறந்திருக்கும். உட்காரும்போது மேல் பட்டனையும் அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலர் கழுத்தை விட்டு எழும்பி நிற்கும். பெண்களுக்கான கோட்டுகளில் பல, எல்லாப் பட்டனும் போட்டால்தான் வடிவாக இருக்கும்படி தைக்கப்பட்டவை; கண்ணாடி முன் இரண்டு விதமாகவும் பாருங்கள்.

புதுக் கோட்டை வாங்கி வந்ததும் ஒரு சின்னக் கத்தரியோடு ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருங்கள். பின்பக்கப் பிளவின் அடியில் வெள்ளை நூலாலோ வேறு நிற நூலாலோ பெருக்கல் குறி போல ஒரு தையல் இருக்கும். அது கடைக்கு வரும் வழியில் துணி விரியாமல் இருக்கப் போட்டது. நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் நூலை உருவி எடுத்துவிடுங்கள். இடது கையின் மணிக்கட்டுக்கு அருகே நிறுவனப் பெயர் போட்ட பட்டைத் துணி ஒன்று நான்கு மூலையிலும் லேசாகத் தைக்கப்பட்டிருக்கலாம். அதுவும் விளம்பரத்துக்குத்தான், எடுத்துவிடுங்கள். பாக்கெட் வாயும் மூடித் தைத்திருக்கும்; அதைப் பிரிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். மூடியே இருந்தால் பாக்கெட் தொங்காது. முதல் இரண்டையும் எடுக்காமல் நேர்காணலுக்கு வருகிறவர்கள் உண்டு. முதுகில் அந்தப் பெருக்கல் குறியோடு ஒருவர் நடந்து போவதைப் பார்த்தால் பின்னால் வருகிறவருக்குச் சொல்லவும் கூச்சம், சொல்லாமல் இருக்கவும் கூச்சம்.

இஸ்திரிப் பெட்டியைக் கம்பளிமேல் நேராக வைக்காதீர்கள், துணி பளபளத்துவிடும். ஈரமான மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்து, நடுத்தர வெப்பத்தில் அழுத்தி எடுங்கள். முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்க வேண்டாம். மலிவான கோட்டுகளில் மார்புப் பகுதியின் உள்துணி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதிக வெப்பத்தில் பசை விட்டு, மார்பில் கொப்புளம் போலப் புடைக்கும். புடைத்தபின் அதைச் சரிசெய்ய வழியில்லை.

சட்டை, மேற்சட்டை, டை

வெள்ளை, வெளிர் நீலம். வியர்வை அதிகம் வருகிறவர்கள் வெள்ளையையே எடுங்கள். வெளிர் நீலத்திலும் சாம்பலிலும் ஈரம் உடனே திட்டாகத் தெரியும், வெள்ளையில் அவ்வளவு தெரியாது. காலர் பட்டன் போட்டபின் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக, இரண்டு விரல் சற்று இறுக்கமாக நுழைய வேண்டும். பருத்திச் சட்டையை ஒருமுறை துவைத்த பிறகுதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், ஏனென்றால் முதல் துவையலில் சுருங்கும்.

வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் அதன் விளிம்பு வெளியே கோடாகத் தெரியும். உங்கள் தோல் நிறத்துக்கு அருகே வரும் நிறத்தில் போட்டால் தெரியாது. இது உள்ளாடை எதற்கும் பொருந்தும். மேற்சட்டையின் மார்புப் பட்டன்களுக்கு இடையே துணி வாய் பிளந்தால் உள்பக்கமாக ஒரு சிறிய ஊக்கு, அல்லது துணிக்கான இருபக்க ஒட்டு நாடா. கழுத்து இறக்கத்தை நேராக நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடி முன் குனிந்து, மேசையில் கையெழுத்துப் போடுவதுபோல நின்று பாருங்கள்.

டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். அகலம் 7 முதல் 8 செ.மீ. நிறம் கோட்டை விட அடர்த்தியாகவோ அமைதியாகவோ இருக்கட்டும். கார்ட்டூன், எலும்புக்கூடு, ஸ்டெதஸ்கோப் படம் போட்டது வேண்டாம். ஒரு வேடிக்கை: இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2007-ல் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தபோது, நோயாளிகளைத் தொடும் இடங்களில் டையும் தவிர்க்கப்பட வேண்டியதாயிற்று. டையை யாரும் அடிக்கடி துவைப்பதில்லை என்பது காரணம். நேர்காணல் அறைக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் டையில் பழைய குழம்புக் கறை இருந்தால் எதிரே இருப்பவர் இதை நினைத்துப் பார்க்க வாய்ப்புண்டு.

பாவாடை, சேலை, தலைத்துணி

கோட்டோடு போடும் பாவாடை நின்றால் முழங்காலைத் தொட வேண்டும். உட்கார்ந்தால் மேலேறும் தூரத்தை அளந்து பாருங்கள். நாற்காலியில் நன்றாக உள்ளே தள்ளி உட்கார்ந்து, எதிரே கைபேசியை மேசை உயரத்தில் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் தெரிவதுதான் அவர்களுக்கும் தெரியும். மெல்லிய காலுறை போடுகிறவர்கள் பையில் ஒரு ஜோடி கூடுதலாக வையுங்கள். கிழிசல் ஓடத் தொடங்கினால் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு அதை நிறுத்தும்.

சேலை உடுத்துகிறவர்கள் மடிப்பை உள்பக்கம் ஊக்கால் பிடித்து, முந்தானையை மடித்துத் தோளில் குத்திவிட்டால் நாள் முழுக்கத் தொட வேண்டியிருக்காது. மொடமொடப்பான பட்டு ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும்; மெல்லிய பருத்தியோ கிரேப்போ அமைதி. கொசுவத்தின் உயரத்தை அன்றைக்கு அணியப் போகும் காலணியோடுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஹிஜாப், தலைப்பாகை, யூதர்கள் அணியும் சிறு தொப்பியான கிப்பா போன்றவை உங்கள் அன்றாட உடையின் பகுதி என்றால் அப்படியே தொடருங்கள். வழுக்காத துணி, கோட்டோடு இசையும் ஒற்றை நிறம், பழகிய கட்டு. அன்றைக்கென்று புதுப் பாணியில் கட்டிப் பார்க்காதீர்கள்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு நீளமான கோட்டு மடியில் திரளும். இடுப்போடு முடியும் கோட்டும், நின்றால் சற்று நீளமாகத் தெரியும் பேன்ட்டும் உட்கார்ந்த நிலையில் சரியாக இருக்கும். கைவிளிம்பு சக்கரத்தில் உரசி அழுக்காகாதபடி சற்றுக் குறுக்கி வையுங்கள்.

ஷூ: இங்கேதான் நாள் கெடும்

காலணி கடிப்பதை முகம் மறைக்காது. நாலாவது கட்டடத்துக்கு நடக்கும்போது குதிகாலில் கொப்புளம் உடைந்தால், அதன்பின் நடக்கும் நேர்காணலில் பாதி மனம் காலில்தான் இருக்கும்.

மாலையில் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. நீளமான விரலுக்கு முன் 1 செ.மீ. இடம் வேண்டும். குதிகால் உயரம் 3 முதல் 5 செ.மீ.க்குள், அடி அகலமாக. ஊசிக் குதிகால் புல்வெளியில் புதையும், வடிகால் மூடியின் இடுக்கில் சிக்கும், உடற்கூறு ஆய்வகத்தின் ஈரத் தரையில் வழுக்கும். தட்டையான மூடிய ஷூவைக் குறைத்து மதிப்பிடுகிறவர் யாரும் இல்லை.

பழக்குவது இப்படி: அன்றைக்கு அணியப்போகும் அதே சாக்ஸோடு முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம், மறுநாள் ஒரு மணி நேரம், பிறகு வெளியே. பத்து நாளில் தோல் உங்கள் பாதத்தைக் கற்றுக்கொள்ளும். எந்த இடத்தில் உரசுகிறது என்பதை நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். அந்த இடத்தில் நேர்காணலன்று காலையிலேயே ஒட்டுப் பட்டி போட்டுவிடுங்கள். சிவக்கும் வரை காத்திருக்க வேண்டாம். புதுத் தோல் அடிப்பாகம் மழமழ தரையில் சறுக்கும். உப்புத்தாளால் லேசாகச் சுரண்டுங்கள். குதிகாலில் உலோக லாடம் இருந்தால் நீண்ட வராந்தாவில் குதிரை வருவதுபோலக் கேட்கும், ரப்பராக மாற்றிவிடுங்கள்.

பாலிஷை முந்தைய நாள் மாலையே போட்டு, பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து முடிக்க வேண்டும். காலையில் அவசரத்தில் பூசினால் பேன்ட் விளிம்பில் ஒட்டும். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறக் குடும்பமாக இருக்கட்டும். சாக்ஸ் கெண்டைக்கால் பாதி வரை ஏற வேண்டும். கால்மேல் கால் போடும்போது பேன்ட்டுக்கும் சாக்ஸுக்கும் நடுவே வெறும் கால் தெரிவது மேசை இல்லாத அறையில் நன்றாகவே கண்ணில் படும்.

கை, வாசனை, முடி

வேறெந்தத் துறை நேர்காணலிலும் நகத்தை இவ்வளவு கவனிக்கமாட்டார்கள். நோயாளியை நேரடியாகத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது, இயற்கை நகத்தின் நுனி 0.5 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டுக் கைச்சுத்த வழிகாட்டுதல் சொல்கிறது. நீங்கள் இன்னும் மாணவர்கூட இல்லை, அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எதிரே இருப்பவர் அந்த விதிக்குள் வாழ்கிறவர். நகத்தை இரண்டு நாள் முன்னால் வெட்டி, அரத்தால் தேய்த்துவிடுங்கள். பூச்சு வேண்டுமென்றால் வெளிர் நிறத்தில், உரியாமல். பாதி உரிந்த பூச்சைவிடப் பூச்சே இல்லாதது மேல்.

வாசனை விஷயத்தில் சமரசம் வேண்டாம்: சென்ட் போடாதீர்கள். ‘கொஞ்சம்தான்’ என்பதும் வேண்டாம். ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு நறுமணமே தூண்டுகோல். அதனால்தான் பல மருத்துவமனைகள் ஊழியர்களை வாசனைப் பொருள் இல்லாமல் வரச் சொல்கின்றன. நேர்காணல் அறைகள் சிறியவை, ஜன்னல் மூடியிருக்கும். மணமில்லாத டியோடரன்ட் போதும். அது காய்ந்த பிறகே சட்டை போடுங்கள். அலமாரியிலிருந்து எடுத்த கோட்டில் அந்துருண்டை வாடை இருந்தால் இரண்டு நாள் நிழலில் காற்றாட மாட்டுங்கள். உலர் சலவையிலிருந்து வந்ததை உடனே பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். புகைப்பவர்கள் கோட்டைப் போட்டபின் புகைக்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். வாடை முடியிலும் விரலிலும் இருக்கும்.

முடி கண்ணில் விழாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு சட்டம் இல்லை. அடிக்கடி கையால் ஒதுக்கும் பழக்கம் உள்ளவர்கள் கட்டிவிடுங்கள். தாடி வைக்கலாம், கழுத்துப் பக்க ஓரம் சீராக இருக்கட்டும். பச்சை குத்தியது, மூக்கு வளையம் ஆகியவற்றில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி. சட்டைக் கை மறைக்கிற இடமென்றால் மறைத்துவிடுங்கள், மறைக்க முடியாத இடத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நகை குறைவாக, சத்தமில்லாமல். மேசையில் கை வைக்கும்போது ஒலிக்கும் வளையல், தலையசைக்கும்போது ஆடும் காதணி இரண்டையும் வீட்டில் விட்டுவிடுங்கள்.

வெள்ளைக் கோட்டு, ஸ்க்ரப்ஸ் எனும் தளர்வான மருத்துவமனைப் பணி உடை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே மருத்துவமனையில் வேலை பார்ப்பவராக இருந்தாலும், பணி முடிந்து நேராக வருவதாக இருந்தாலும் மாற்றிக்கொண்டு வாருங்கள். பணி உடையோடு வெளியே சுற்றுவதைத் தொற்றுக் கட்டுப்பாடு தெரிந்தவர்கள் விரும்புவதில்லை.

ஒரு வாரம் முன் ஒத்திகை

எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் இருங்கள். அதற்குள் இவற்றைச் செய்யுங்கள்:

- கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். சட்டை பேன்ட்டிலிருந்து வெளியே வந்தால் சட்டை குட்டை.
- கீழே விழுந்த பேனாவைக் குந்தி எடுங்கள்.
- கை குலுக்குவதுபோல வலக்கையை நீட்டுங்கள். கோட்டின் கை முழங்கைப் பக்கம் ஓடக் கூடாது.
- இரண்டு மாடி ஏறி இறங்குங்கள்.
- இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து எழுந்து, பின்பக்கச் சுருக்கத்தைப் பாருங்கள்.
- ஃபிளாஷ் போட்டு ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத உள்ளாடைக் கோடு ஃபிளாஷில் தெரியும்.

பிறகு இதே உடையோடு மாதிரி நேர்காணல் ஒன்று. பேசும்போது உங்கள் கை எங்கே போகிறது என்று எதிரே இருப்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். காலரை இழுக்கிறீர்களா, மோதிரத்தைச் சுற்றுகிறீர்களா? கை போகிற இடத்தில்தான் உடை சரியில்லை.

ஆன்லைன் நேர்காணல் என்றால்

நெருக்கமான மெல்லிய கோடும் சின்னக் கட்டமும் கேமராவில் அலையாடும். ஒற்றை நிறமே நல்லது. வெள்ளைச் சட்டை மட்டும் அணிந்தால் கேமரா தானாக ஒளியைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். மேலே கோட்டு போட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். பின்னால் இருக்கும் சுவரின் நிறத்தில் உடை இருந்தால் தலை மட்டும் மிதப்பதுபோல இருக்கும். மெய்நிகர் பின்னணி வைத்தால் தோளும் முடியும் அரிக்கப்பட்டுத் தெரியும். வெறும் சுவரே மேல்.

கண்ணாடி அணிபவர்கள் விளக்கைப் பக்கவாட்டில், கண்ணுக்கு மேலே தூக்கி வைத்தால் பிரதிபலிப்பு கீழே விலகும். நீண்ட காதணி இயர்போன் ஒயரில் உரசினால் அங்கே மணி அடிப்பதுபோலக் கேட்கும். கீழே பைஜாமா போடும் யோசனை வேண்டாம். சார்ஜர் ஒயர் கழன்றால் எழ வேண்டியிருக்கும். அதே நேரத்தில், அதே அறையில், முந்தைய நாள் ஐந்து நிமிடம் பதிவு செய்து பாருங்கள். வெயில் மாறும் நேரம் முக்கியம்.

வெளியூர்ப் பயணம்

நேர்காணல் உடை உங்கள் கையோடு விமானத்தில் வர வேண்டும். சரக்கில் போட்ட பெட்டி மறுநாள் வந்தால் உங்களுக்குப் பயனில்லை. கோட்டை மடிக்க: ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி, மற்றத் தோளை அதற்குள் நுழைத்துவிடுங்கள். உள்துணி வெளியே தெரியும்படி நீளவாக்கில் மடித்து, நடுவில் ஒரு சுருட்டிய டி-ஷர்ட்டை வைத்து இரண்டாக மடியுங்கள். கூர்மையான மடிப்பு விழாது. இறங்கியதும் முதல் வேலை அதை மாட்டுவது. குளியலறையில் வெந்நீரைத் திறந்து, நீராவியில் பதினைந்து நிமிடம் தொங்கவிட்டு, காய்வதற்கு நேரம் கொடுங்கள்.

குளிர் நாட்டில் நேர்காணல் என்றால் கோட்டையே முழுதாக மூடும் மேலங்கியும், பனிக்குத் தனிக் காலணியும் வேண்டும். உள்ளே போனதும் ஷூவை மாற்றிக்கொள்ள ஒரு துணிப்பை. மழைக்காலத்திலும் இதே வழிதான்.

அன்றைய நாள்

காலை உணவை முடித்து, பல் துலக்கிய பின்புதான் சட்டை. கடைசியாக ரோலரால் துணுக்கு எடுங்கள். முதுகை இன்னொருவர் பார்க்கட்டும். பாக்கெட்டில் சாவிக்கொத்தோ கைபேசியோ புடைக்க வேண்டாம். ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி வையுங்கள்: நடுவில் அதிர்ந்தால் கண் தானாக அங்கே போகும், எம்.எம்.ஐ.-யில் பல இடங்களில் அனுமதியும் இல்லை. பெயர் அட்டை கொடுத்தால் வலப்பக்க மார்பில் குத்துங்கள். கை குலுக்கும்போது எதிரே இருப்பவரின் பார்வை உங்கள் வலக்கை வழியே அந்தப் பக்கம்தான் ஏறும். பையையும் தாள் கோப்பையும் இடக்கையில் வைத்தால் வலக்கை காலியாக இருக்கும்.

ஒரு சின்னப் பையில்: ஊக்கு நான்கு, நூல் கோத்த ஊசி, ஒட்டுப் பட்டி, டிஷ்யூ, ஒரு கூடுதல் டை அல்லது காலுறை, புதினா மிட்டாய். சூயிங்கம் வேண்டாம்.

கறை பட்டால் தேய்க்காதீர்கள். காபி என்றால் குளிர்ந்த நீரில் நனைத்த டிஷ்யூவால் வெளி விளிம்பிலிருந்து உள்ளே ஒற்றுங்கள். உள்ளிருந்து வெளியே போனால் கறை வளரும். பால்பாயின்ட் மை பருத்திச் சட்டையில் பட்டால் கை சுத்திகரிப்பானை ஒரு சொட்டு விட்டு, துணிக்கு அடியில் டிஷ்யூ வைத்து ஒற்றி எடுங்கள். பட்டில் இதைச் செய்யக் கூடாது. டியோடரன்டின் வெள்ளைத் தடத்தை உலர்ந்த காலுறையால் தட்டினாலே போய்விடும். எதுவும் பலிக்கவில்லை என்றால் கோட்டைப் பட்டன் போட்டு மூடுங்கள். அதற்கும் மறையாத கறையென்றால் வரும்போது காபி கொட்டிவிட்டது என்று ஒரே வரியில் சிரித்துச் சொல்லிவிட்டு முதல் கேள்விக்குப் போங்கள். மருத்துவமனையில் சட்டையில் கறை படாத நாளே அபூர்வம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த நேர்காணலுக்கு

பெரும்பாலும் இது ஒன்றோடு முடியாது. வீடு திரும்பியதும் கோட்டை அகலமான தோள் உள்ள ஹேங்கரில் மாட்டி, பாக்கெட்டைக் காலி செய்து, மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அலமாரிக்கு வெளியே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் உலர் சலவைக்குக் கொடுத்தால் கம்பளி சீக்கிரம் நைந்துவிடும்; கறையோ வாடையோ இருந்தால் மட்டும் கொடுங்கள், கொடுக்கும்போது கோட்டையும் பேன்ட்டையும் சேர்த்தே கொடுங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் இரண்டும் இரண்டு நிறமாகும். ஷூவுக்குள் கசக்கிய காகிதத்தைத் திணித்து வையுங்கள். ஊசிப் பையில் எது தீர்ந்தது என்று அன்றிரவே பார்த்து நிரப்பிவிடுங்கள்.